துடைத்துத் துடைத்துப் புரண்ட இமை

ஆனி, ஆடியில் மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் புழுதியில் முக்கிவிடும். நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன்னால் அந்த மாதங்களில் ஜவஹர் மைதானத்துப் பக்கமோ ஆண்டாள் கோயில் தேரடியிலோ உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலரின் தோள்துண்டு சும்மா கிடக்காது. நிமிடத்துக்கு ஒருமுறை அதன் நுனி கண்ணுக்குப் போகும். கண்ணிலிருந்து கன்னத்தை நோக்கிக் கீழே ஓர் இழுப்பு. பிறகு பேச்சு. மறுபடி துண்டு. துண்டை எடுத்த கண்ணில், கீழ் ரெப்பை விழியோடு ஒட்டாமல் வெளிப்பக்கமாகப் புரண்டு, உள்சதை ரத்தச் சிவப்பாகத் தெரியும்.

அதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. “வயசாச்சுல்ல, கண்ணு தொங்கிப்போச்சு” என்பார்கள். பாட்டிகளுக்குத் துண்டுக்குப் பதில் முந்தானை. பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பயந்தால், அதற்காகவே தலையைக் குனிந்து பேசப் பழகிக்கொண்ட தாத்தாக்கள் உண்டு. விசேஷ வீடுகளில் முன்வரிசைக்கு வராமல் திண்ணையோடு நின்றுகொள்வார்கள். கண் எரிகிறது, கரகரவென்று மண் விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னால் வீட்டில் கை கொடுக்க இருந்தவை மூன்று: விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூவின் சாறு. தெருவில் பால் கொடுக்கும் பெண் யார் என்று விசாரித்து, சங்கில் வாங்கி வந்து ஊற்றுவார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் மூடாத கண்ணில், புண்பட்டிருக்கிற விழியில், சுத்தமில்லாத எதை விட்டாலும் கிருமிக்குச் சோறு போட்டதாகத்தான் முடியும்.

இன்று அந்த ரெப்பையை முக்கால் மணி நேரத்தில் நேராக்கிவிடலாம். முழு மயக்கம்கூடப் பெரும்பாலும் வேண்டாம். அந்த இடம் மரத்துப்போக ஓர் ஊசி போதும். அப்படி இருந்தும் இரண்டு ஊர்களிலும் சிவந்த ரெப்பையோடு நடமாடும் முதியவர்களை இன்னும் பார்க்கிறேன். மனசு ஆறவில்லை.

கீழ் இமை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்த்தால்தான் இந்தக் கோளாறு விளங்கும். நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலும் விழியின் மேல் கண்ணீரை ஒரு மெல்லிய படலமாகப் பூசிவிட்டுப் போகிறது. மிச்சக் கண்ணீர், மூக்குப் பக்கத்து ஓரத்தில் இமை விளிம்பில் இருக்கும் குண்டூசி முனை அளவுத் துவாரத்துக்குள் போய், கண்ணீர்ப் பையில் சேர்ந்து, மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். அந்தத் துவாரம் விழியைத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் வடிகால் வேலை செய்யும். இமையோ, கண்ணின் இரு ஓரங்களிலும் தசைநாரால் எலும்போடு பிணைக்கப்பட்டு நிற்கிறது. இரண்டு முனையிலும் முடிந்து இழுத்துக் கட்டிய துணிக்கொடி மாதிரி. வயதாக ஆக முடிச்சு தளர்ந்து கொடி தொய்கிறது. தொய்ந்த இமை வெளியே புரளும்போது முதலில் விலகுவது அந்தத் துவாரம். வடிகால் போய்விட்டதால் கண்ணீர் கன்னத்தில் வழிகிறது.

அடுத்து நடப்பதை அன்றைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வழியும் கண்ணீரைத் துடைக்கத்தானே செய்வோம்? துண்டால் கீழ்நோக்கித் துடைக்கும் ஒவ்வொரு இழுப்பும் தளர்ந்த இமையை இன்னும் கொஞ்சம் தளர்த்துகிறது. எப்போதும் ஈரமாகவே இருக்கும் கன்னத்துத் தோல் வெந்து, தடித்து, பின் காய்ந்து சுருங்கி, இமையைக் கீழே பிடித்து இழுக்கிறது. இமை மேலும் புரள்கிறது, நீர் மேலும் வழிகிறது, துண்டு மேலும் வேலை செய்கிறது. காற்றிலும் வெயிலிலும் கிடக்கும் உள்சதை நாளடைவில் தோல் போலத் தடித்துவிடுகிறது. நாள் முழுக்க நெஞ்சு நிமிர்த்தி நடந்த மனிதரின் கண் இப்படித்தான், அவர் கையாலேயே, வருடக்கணக்கில் புரண்டது. துடைப்பதை மேல்நோக்கி, மூக்கை நோக்கி மெதுவாக ஒற்றி எடுக்கும்படி ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தால் பாதிப் பேருக்காவது இது இவ்வளவு முற்றியிருக்காது என்று நான் நம்புகிறேன். இன்றைக்குக் கண் டாக்டர்கள் முதலில் சொல்லித்தரும் பாடமே அதுதான்.

முதுமை மட்டும்தான் காரணம் என்றில்லை. முகநரம்பு செயலிழந்தாலும் கீழ் இமை தொங்கிவிடும். “வாய் கோணிக்கிச்சு, காத்து அடிச்சிருச்சு” என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் 'பெல்ஸ் பால்ஸி' என்கிற முகவாதம். ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால் என்று காரணம் கற்பிப்பார்கள். நாட்டு வைத்தியர் எண்ணெய் தேய்த்து உருவுவார். பலருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் தானே சரியாகும் என்பதால் எண்ணெய்க்குப் பெயர் கிடைத்தது. சரியாகிறவரை அந்தக் கண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அன்று விட்டுப்போனது. இன்று முதல் மூன்று நாளுக்குள் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரை தருகிறார்கள். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, தூங்கும்போது இமையை மூடி மெல்லிய பிளாஸ்திரி. அறுவைக்கு அவசரப்படுவதில்லை.

அன்றையக் கதையில் மிகக் கனமான பகுதி தொழுநோய். தமிழ்நாடு ஒரு காலத்தில் அந்நோய் மிகுந்த மாநிலங்களில் ஒன்று. இந்த இரு ஊர்க் கோயில் வாசல்களிலும் அந்த முகங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தொழுநோய்க் கிருமி முகநரம்பைத் தாக்கினால் கண்ணை மூட முடியாது, கீழ் இமை புரண்டு தொங்கும். விழிக்கு உணர்ச்சி தரும் நரம்பையும் அது விட்டுவைப்பதில்லை. மண் விழுந்தாலும் வலிக்காது. வலிக்காததால் துடைக்கவும் மாட்டார், மருந்து தேடவும் மாட்டார். விரல்கள் ஏற்கெனவே மரத்தவை. புண்ணாகி, வெண்ணிறமாகி, பார்வை போன பின்புதான் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியும். பார்வையிழந்து, கையும் உணர்விழந்தவருக்கு உலகத்தைத் தொட்டறிய என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

அந்தக் கண்களுக்காக வேலூரில் பாடுபட்டவர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை செய்து பெயர் பெற்றவர். அவர் மனைவி மார்கரெட் பிராண்ட் அதே நோயாளிகளின் கண்ணைத் தன் துறையாக எடுத்துக்கொண்டார். மூட முடியாத கண்ணுக்கு அன்று செய்த அறுவை ஒன்று உண்டு. நெற்றிப்பொட்டில், மெல்லும்போது அசைகிற தசை இருக்கிறதல்லவா, அதிலிருந்து ஒரு பட்டையைத் திருப்பி, இரண்டு இமைகளுக்குள்ளும் செலுத்திக் கண்ணின் உள்மூலையில் தைப்பார்கள். அதன்பின் அந்த நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும். கண் சிமிட்டுவது தானாக நடக்கும் காரியமாக இருந்தது போய், ஒவ்வொரு முறையும் நினைவாகப் பல்லைக் கடித்துச் செய்யும் வேலையாகிவிடும். சாப்பிடும்போது கண் தானே மூடித் திறக்கும். பார்வை நிலைத்ததே, அது போதும் என்று அதையும் பழகிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. அதோடு அந்த முகங்கள் குறையத் தொடங்கின. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோயளவு இறங்கிவிட்டதாக இந்தியா 2005 டிசம்பரில் அறிவித்தது. ஆனாலும் நாட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவுக்குப் புதிய நோயாளிகள் இன்னும் கண்டறியப்படுகிறார்கள். கண் சரியாக மூடவில்லை என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால், மாத்திரையிலேயே நரம்பை மீட்க வாய்ப்பிருக்கிறது. அப்படி நேரத்தோடு வருகிறவர்களில் பலர் பல்லைக் கடித்துக் கண் மூடும் நிலைக்குப் போக வேண்டியதில்லை.

தீக்காயம் மூன்றாவது காரணம். மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து முகம் வெந்த பெண்கள் எழுபது, எண்பதுகளில் எத்தனை பேர். காயம் ஆறும்போது கன்னத்துத் தோல் சுருங்கி, இமையைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். உயிர் பிழைத்ததே பெரிது என்று இமையை விட்டுவிட்டார்கள். சமையலறையில் கேஸ் வந்தபின் அந்த விபத்து குறைந்தது. ஆனால் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. பட்டாசு வேலையும் வெடிமருந்தும் இருக்கிற வரை வெந்த இமைகளும் நம் விருதுநகர் மாவட்டத்துக்கு அந்நியமாகப் போவதில்லை. இந்த வகைக்குக் கொடியை இழுத்துக் கட்டினால் மட்டும் போதாது, தோலே பற்றாக்குறை. காதுக்குப் பின்னாலிருந்தோ மற்ற கண்ணின் மேல் இமையிலிருந்தோ முழுத் தோலாக ஒரு துண்டு எடுத்து ஒட்ட வேண்டும். பச்சைக் காயத்திலேயே கண்ணை நனைத்துவைத்துக் காப்பது, தழும்பு முதிர்ந்தபின் தோல் வைப்பது என்று இன்று இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். விழி திறந்து கிடந்து புண்ணாகும் அபாயம் இருந்தால் தழும்பு முதிரக் காத்திருப்பதில்லை, முதலிலேயே தோல் வைத்துவிடுகிறார்கள்.

அன்றைக்கு இமைக்கென்று டாக்டரிடம் போக வழி இருந்ததா என்றால், பெயரளவில் இருந்தது. சென்னை எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி 1819இலிருந்தே நடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளிக்கு எழும்பூர் எங்கே இருந்தது? கைக்கெட்டியது மதுரை பெரியாஸ்பத்திரிதான். கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று நின்று நின்று போகும் பஸ்ஸில் பாதி நாள் போய்விடும். கூட வருகிற மகனுக்கோ மருமகளுக்கோ அன்றைய கூலி போச்சு. புரை விழுந்து சுவரைப் பிடித்து நடக்கிறவரைக் கூட்டிப் போகலாம். கண்ணில் நீர் வழிகிறது என்பதற்காக மில் ஷிப்டை விட்டுவிட்டு யார் போவார்கள்? 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து ஊர் சங்கு சத்தத்துக்கு எழுந்து, சங்கு சத்தத்துக்குப் படுத்தது. கண்ணீர் வழிவதற்கு லீவு எடுக்கும் வழக்கம் இல்லை.

இதை மாற்றியதில் பெரிய பங்கு, எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த ஒரு மனிதருக்கு. டாக்டர் ஜி.வெங்கடசாமி 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் துறைக்கு வந்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களுக்கேற்பக் கத்தி பிடிக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டு ஆயிரமாயிரம் புரைகளை எடுத்தார். அரசு வேலையில் இருந்தபோதே முகாம்களைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன்பின் தென்மாவட்டப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நடந்த இலவச முகாம்கள் ஒரு தலைமுறையின் பழக்கத்தையே மாற்றின. முகாமில் பார்த்து, பஸ்ஸில் ஏற்றி, மதுரையில் அறுவை செய்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பாதி நாள் கூலி என்கிற கணக்கே இல்லாமல் போனது.

புரண்ட இமை வெளிச்சத்துக்கு வந்ததே புரை முகாம்களில்தான். புரை அறுவைக்கு முன் கண்ணீர்ப் பாதை திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முகாமுக்குப் போய் வந்தவர்கள் 'டக்ட் டெஸ்ட்' என்று சொல்வது அதைத்தான்: இமை ஓரத் துவாரத்தில் மெல்லிய ஊசிக்குழல் வைத்துத் தண்ணீர் விடுவது. தண்ணீர் தொண்டைக்கு வந்தால் பாதை சுத்தம். அடைத்துக்கொண்டு சீழோடு திரும்பினால் புரை அறுவை தள்ளிப்போகும், ஏனென்றால் அந்தக் கிருமி கண்ணுக்குள் போனால் பார்வையே போய்விடும். இமை புரண்டு அழுக்கடைந்து கிடக்கும் கண்ணுக்கும் இதே கட்டுப்பாடுதான். “ஏன் தாயி, எனக்கு மட்டும் கண்ணு பண்ண மாட்டேங்கிறாக?” என்று கேட்ட பாட்டிகளுக்கு, முதல்முறையாக ஒருவர் உட்கார்ந்து, “பாட்டி, மொதல்ல இந்த ரெப்பையைச் சரி பண்ணணும்” என்று சொன்னது அங்கேதான்.

சோதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள், அவ்வளவு எளிது. டாக்டர் கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுத்து விடுகிறார். இளம் இமையாக இருந்தால் விட்ட கணத்தில் சட்டென்று போய் விழியோடு ஒட்டிக்கொள்ளும். தளர்ந்த இமை அப்படியே நிற்கும். மெதுவாக ஊர்ந்து போகும். அல்லது ஒருமுறை சிமிட்டினால்தான் தன் இடத்துக்குப் போகும். அடுத்து இரண்டு விரலால் இமையை விழியிலிருந்து முன்னால் இழுத்துப் பார்க்கிறார். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் தளர்ச்சி உறுதி. பிறகு பச்சையாக ஒளிரும் சாயத்தைக் கண்ணில் விட்டு, நீல விளக்கில் விழியில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறார். கண்ணை இறுக மூடச் சொல்லி முகநரம்பையும் கவனிக்கிறார். இமை விளிம்பில் கட்டி எதுவும் இழுக்கிறதா, இரத்தம் கசியும் புண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இமைப் புற்று சில நேரம் இந்த வேடத்தில் வரும். மொத்தம் ஐந்து நிமிடம்.

அறுவையும் பார்க்கத் தகுந்தது. முதுமையில் தளர்ந்த இமைக்கு உலகமெங்கும் இன்று பெரிதும் செய்யும் முறை, ஆண்டர்சன், கோர்டி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1979இல் விவரித்தது. வெளிக்கண்ணோரத்தில் மரப்பு ஊசி. அந்த மூலையில் ஒரு சிறு வெட்டு. இமையின் வெளிமுனையை எலும்போடு பிணைத்திருந்த நாரை விடுவித்ததும் இமை முழுதும் கையோடு வருகிறது. மிதமிஞ்சிய நீளத்தை அளந்து, அந்த அளவுக்கு முனையிலிருந்து தோலையும் முடியையும் உள்சவ்வையும் நீக்கினால், வெண்மையான உறுதியான பட்டை ஒன்று மிஞ்சும். அந்தப் பட்டையை, கண்குழி எலும்பின் உள்விளிம்பில் இருக்கும் சவ்வோடு ஊசி கொடுத்து இழுத்துத் தைக்கிறார்கள். தையலை இறுக்கும் அந்த நொடியில், வருடக்கணக்காக வெளியே புரண்டு கிடந்த சிவப்புச் சதை மடங்கி உள்ளே போய் இமை விழியோடு ஒட்டுகிறது. தொய்ந்த கொடியின் முடிச்சை அவிழ்த்து, இழுத்து, மறுபடி கட்டியாயிற்று. மூக்கோரத்துத் துவாரம் இன்னும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தால், உள்பக்கச் சவ்வில் சின்னதாக ஒரு சாய்சதுரத் துண்டை எடுத்துத் தைத்து அதையும் உள்ளே திருப்புவார்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் தோல் தையல் பிரிப்பு. கொஞ்ச நாள் வீக்கமும் கன்றிய நிறமும் இருக்கும். தேய்க்கக் கூடாது, அந்தப் பக்கம் அழுத்திப் படுக்கக் கூடாது. தளர்ச்சி சிலருக்குச் சில வருடங்கள் கழித்துத் திரும்பலாம். அப்போது மறுபடி இழுத்துக் கட்டலாம். இதற்கு முந்திய காலத்தில், உள்சவ்வில் சூட்டுக்கோல் வைத்துச் சுருக்குவது என்று ஒரு முறை இருந்தது. சில காலம் நின்று, தளர்ச்சி அப்படியே இருந்ததால் திரும்பப் புரண்டது.

அறுவை முடிந்து கண்மேல் வைக்கும் வெள்ளைப் பஞ்சுக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சத்திரப்பட்டி நினைவு வரும். ராஜபாளையத்தை அடுத்த அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் தறிகள் பேண்டேஜ் துணியும் காஸும் நெய்து நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகின்றன. தெருவில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து விசைத்தறிச் சத்தம். வெளுத்துக் காயப்போட்ட துணி வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். ஊர் ஊருக்குப் புண் கட்டத் துணி நெய்யும் இடத்தில், தறியோரம் பஞ்சுத்தூசிக்குள் உட்கார்ந்து நீர் வழியும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர்கள் தங்கள் கண்ணில் அந்தத் துணி ஏறாமலே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களின் பேரன்மார் இன்று அதே தறியை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு மதுரை ஒன்றரை, இரண்டு மணி நேரத் தூரம். விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று.

இமைக்காக ஏன் இவ்வளவு வருத்தப்பட வேண்டும், நீர்தானே வழிகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1990களில் மதுரை மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று கண்டார்கள். அமெரிக்காவில் ஒரு கவுண்டியில் கிடைத்த கணக்கைப் போல இது பத்து மடங்கு. பக்கத்து மாவட்டமான நமக்கும் மண் அதே, வேலை அதே, காற்று அதே. அங்கே வந்த புண்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் பூஞ்சை. நெல் சுணையோ சோளத்தட்டையோ கீறிய இடத்தில் வயல்பூஞ்சை குடியேறிவிடும். நாட்டாமைசின் என்கிற பழைய மருந்துதான் இந்தப் பூஞ்சைக்கு நல்லது என்று 2013இல் உலகத்துக்கே நிரூபித்துக் காட்டிய பெரிய ஆய்வும் மதுரை, கோவை, பாண்டிச்சேரி நோயாளிகளை வைத்து நடந்ததுதான். கீறலிலிருந்து விழியைக் காக்கக் கடவுள் கொடுத்த கதவு இமை. கதவு சரியாகச் சாத்தாத கண்ணோடு களத்துமேட்டில் தூற்றுகிற மனிதர் எவ்வளவு பெரிய ஆபத்தில் நிற்கிறார்!

இன்றைக்குப் புதிதாக வந்த கேடும் ஒன்று உண்டு. அன்று தாய்ப்பால் தேடியவர்களின் பிள்ளைகள் இன்று நேரே மெடிக்கலுக்குப் போகிறார்கள். “கண்ணு செவந்திருக்குண்ணே, நீர் வடியுது” என்றால் ஒரு சொட்டு மருந்து கைக்கு வந்துவிடுகிறது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் சிவப்பு அடங்கி, சுகமாக இருக்கும். காலியானதும் அதே பாட்டிலைக் காட்டி இன்னொன்று. உள்ளே பூஞ்சைப் புண் இருந்தால் அது கொழுக்கும்; மாதக்கணக்கில் போனால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். கண் அழுத்தத்துக்காகவே டாக்டர் எழுதிக்கொடுத்த சில சொட்டுகளும் வருடக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கீழ் இமைத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கி, தோல் சுருங்கி இமை புரளக்கூடும். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் தோலைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும்.

அறுவைக்கு உடம்பு ஒத்துழைக்காதவர்கள், பயப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் வழி இருக்கிறது: பகலில் நான்கைந்து தடவை செயற்கைக் கண்ணீர், படுக்கும்போது கண்ணுக்குள் களிம்பு, வெளியே போனால் பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி, மேல்நோக்கி ஒற்றித் துடைப்பது. கேட்க எளிது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதிகளில் எத்தனை வீடுகளில் இன்று கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும். நடுங்கும் கையோடு தன் கண்ணில் தானே களிம்பு போட்டுக்கொள்வது எழுபத்தைந்து வயதில் நடக்கிற காரியமா? அன்று டாக்டர் தூரத்தில் இருந்தார், சொட்டு விட வீட்டில் நான்கு கை இருந்தது. இன்று டாக்டர் பக்கத்தில் வந்துவிட்டார், வீட்டில் கை இல்லை. முதியவர்கள் இன்றும் முற்றவிட்டு வருவதற்குப் பெரிய காரணம் இதுவென்றே நினைக்கிறேன். வலி பொறுக்கக்கூடியது, பார்வை போகவில்லை. பிள்ளையை எதற்கு இதற்காக ஊரிலிருந்து வரச்சொல்ல வேண்டும் என்று அவர்களே தள்ளிப்போடுகிறார்கள். புரை என்றால் மகன் லீவு போட்டு வருவான். ரெப்பைக்கு வரமாட்டான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் பணியாளர்கள் வீடு வீடாக வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுத்துப் போகிறார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்த்தி, கையில் பட்டை சுற்றுகிற அந்த நேரத்தில், எதிரே இருப்பவரின் கீழ் இமையையும் அவர்கள் பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பெரிய பயிற்சி தேவையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டைவிரலால் இமையைக் கீழே இழுத்து விட்டுப் பார்த்தால் போதும். உடனே ஒட்டுகிறதா, நிற்கிறதா. “தாத்தா, கண்ணை மூடுங்க” என்று சொல்லி, மூடிய பின்னும் வெள்ளை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால், அல்லது சிவப்போடு வலியும் மங்கலும் கூசலும் இருந்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டால், அன்றைக்கே கண்ணாஸ்பத்திரிக்கு. வேறொன்றும் இல்லாமல் இமை மட்டும் தளர்ந்திருந்தால் பிரஷர் எழுதுகிற அதே நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த முகாம் எந்தத் தேதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். துண்டை எந்தப் பக்கமாகத் துடைக்க வேண்டும் என்பதையும் கையைப் பிடித்துக் காட்டிவிட்டால் நல்லது.